எடுக்கக் கூடாத அழைப்பு

ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டிருந்தாள்.

"கொசு, துண்டு!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.

"காயப் போடுறேன், காயப் போடுறேன்" என்றாள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை இழுத்தபடி.

"எப்போ? ஊருக்குப் போயிட்டு வந்தா?"

"அதுக்குள்ள அது எங்க ஓடிடப் போகுது? நாளைக்குச் சாயங்காலம் வந்து நானே போடுறேன். நீ தொடாத. தொட்டுட்டு அப்புறம் ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டாத."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்று புதன்கிழமை, காலை ஆறரை. துண்டை நான்தான் எடுத்துக் காயப் போட்டேன். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

அவள் என் தங்கை. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். சிறு வயதில் காதுக்குள் வந்து நொய் நொய்யென்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று அப்பா வைத்த பெயர் கொசு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்ததும் அங்கேயும் எப்படியோ அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. ஆசிரியர்கூடக் கூட்டத்தில், "கொசு என்ன சொல்றா?" என்றுதான் கேட்பாராம். நான் பாடப்புத்தகம் அச்சிடும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வாரத்தில் நான்கு நாள் அச்சகம். வியாழனும் வெள்ளியும் வீட்டில் வைத்துப் பார்ப்பேன். அவள் எழுதும் பெரிய கட்டுரைகளையும் அச்சுக்குப் போகும் முன் நான் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது வழக்கம். "ஓசியில ஒரு ஆள் கிடைச்சா விடுவாங்களா?" என்பாள்.

அந்த வருடம் அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு குளிர்பதனக் கிடங்கைப் பற்றி. மீனும் இறைச்சியும் வைக்கும் பெரிய கிடங்கு. உள்ளே வாயு கசிந்து நான்கு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். அப்படி யாரும் சாகவில்லை, நான்கு பேரும் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்றது நிர்வாகம். அதற்கு ஆதாரமாக வருகைப் பதிவேட்டைக் காட்டியது. விபத்து நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளுக்குப் பிறகும் இரண்டு மாதம் அந்த நான்கு பேரும் வேலைக்கு வந்ததாக அதில் இருந்தது.

"செத்தவன் ரெண்டு மாசம் வேலைக்கு வந்திருக்கான்க்கா" என்றாள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. "ஒரு நாள் லீவு போடல. உன் அச்சகத்துல உயிரோட இருக்கிறவங்ககூட அப்படி வர மாட்டாங்க."

சிரித்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் சிரிப்போம்.

அந்த வேலையைத் தொடங்கி மூன்று வாரத்தில் அவளுக்குப் போன் வர ஆரம்பித்தது. முதல் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆண் குரல், நடுத்தர வயது, நல்ல பண்பான பேச்சு.

"அம்மா, மாடியில துணி காயுது. மேகம் கட்டியிருக்கு பாருங்க. எடுத்துடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். மேல்வீட்டுக்காரர் யாரோ என்று நினைத்து இருவரும் போய்த் துணியை எடுத்தோம். மழையும் வந்தது. அப்புறம்தான் கொசு கேட்டாள், "அது யாருக்கா? என் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்?"

அடுத்தது ஒரு வாரம் கழித்து, வேறு எண்ணிலிருந்து. "அக்காவுக்கு இருமல் குறைஞ்சுதாம்மா? ஆவி பிடிக்கச் சொல்லுங்க." பிறகு அவள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது: "இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்மா. எதிர்ப்பக்கம் மாறி உட்காருங்க." அவள் திரும்பிப் பார்த்தாளாம். பேருந்து நிறைய ஆட்கள். பாதிப் பேர் காதில் போன்.

ஒருமுறை என்னையும் கேட்கச் சொல்லிச் சத்தமாக வைத்தாள். "ராத்திரி சமையல் வாயு மூடலைன்னு நினைக்கிறேன். ஒரு தடவை பார்த்துடுங்கம்மா" என்றது குரல். ஓடிப் போய்ப் பார்த்தேன். குழாய் திறந்துதான் இருந்தது. எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது.

அவனுக்கு 'நல்லவர்' என்று பெயர் வைத்தாள் கொசு. "என்னைக் கட்டிக்கப் போறவன்கூட இவ்வளவு அக்கறையா இருக்க மாட்டான்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போய் அடுப்படிச் சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

காவல் நிலையத்துக்குப் போனோம். ஆசிரியரும் கூட வந்தார். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுல மிரட்டல் எங்க இருக்கு?"

"சார், வீட்டுக்குள்ள நடக்கிறதைச் சொல்றான்."

"சொல்றான், சரி. கொன்னுடுவேன்னு சொன்னானா? கையை வெட்டுவேன்னானா? கெட்ட வார்த்தை ஏதாவது?"

"இல்ல."

"துணியை எடுங்கன்னு சொல்லியிருக்கான். வாயுவை மூடுங்கன்னு சொல்லியிருக்கான். இதை எந்தப் பிரிவுல நான் போடுறது? என் சம்சாரம்கூட எனக்கு இவ்வளவு ஞாபகப்படுத்த மாட்டா."

பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார். கொசுவும் சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் ஆசிரியர் அவளிடம் சொன்னார்: "பேசாம இதை விட்டுடுறியா? வேற ஆள்கிட்ட குடுக்கிறேன்."

"வேற ஆளுக்கு அக்கா இல்லையா சார்? அங்கயும் இருமல் விசாரிப்பான்" என்றாள்.

அவர் தன்னால் ஆனதைச் செய்தார். கட்டுரையில் அவள் பெயர் போடாமல் 'நமது நிருபர்' என்று போடுவதாக முடிவு செய்தார். வெளியூர் போகும் நிருபர்களுக்காக ஒரு முறையையும் ஏற்படுத்தினார். காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நான்கு, ஏழு. இந்த நான்கு நேரமும் நிருபர் தன் வீட்டு ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு மணி அடித்து நின்றால் பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். அரை மணி நேரம் தாண்டியும் வராவிட்டால் வீட்டு ஆள் உடனே ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். அவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். முக்கியமான விதி ஒன்று இருந்தது: எடுக்கக் கூடாது. பேச்சை யாராவது ஒட்டுக் கேட்கலாம். எதிரே தகவல் சொல்பவர் உட்கார்ந்திருக்கலாம். ஆரம்பத்தில் ஒருமுறை நான் தெரியாமல் எடுத்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டதில், அவள் எதிரே அழுதுகொண்டிருந்த ஒரு விதவை பயந்து எழுந்து போய்விட்டாளாம். "இன்னொரு தடவை எடுத்தே, வந்து உன் கழுத்தை நெரிப்பேன்" என்றாள் கொசு. அதன் பிறகு எடுத்ததில்லை.

அந்த அரை மணி நேரச் சலுகை அவளுக்காகவே வைத்ததுபோல இருந்தது. அவளுக்கு நேரம் என்பதே கிடையாது. பத்து மணி அழைப்பு பத்து எட்டுக்கு வரும். ஏழு மணி அழைப்பு ஏழு இருபதுக்கு வரும். நான் இருபது நிமிடமும் செத்துப் பிழைப்பேன்.

அந்தப் புதன்கிழமை அவள் போனது மூன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஊருக்கு. செத்தவர்களில் ஒருவருடைய தம்பி, தன் பெயர் போட்டுப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். கட்டுரையின் முதல் பகுதியை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாள். இரண்டாம் பகுதிக்கு அந்தத் தம்பி வேண்டும்.

பத்து பதினொன்றுக்கு முதல் அழைப்பு வந்தது. இரண்டு மணி அடித்து நின்றது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மதியம் நான் அச்சகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தொட்டது. மேசையில் போன் இரண்டு முறை அதிர்ந்து நின்றது.

"அடேயப்பா" என்றேன் வாய்விட்டு.

"என்ன?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"என் தங்கச்சி திருந்திட்டா."

நான்கு மணிக்கு நான்கு. ஏழு மணிக்கு ஏழு. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பயம் பிள்ளைக்கு ஒழுங்கைக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் வியாழன் பத்து, ஒன்று, நான்கு. மாலையில் வர வேண்டியவள் வரவில்லை. ஏழு மணிக்கு அழைப்பு மட்டும் வந்தது. வேலை இழுத்திருந்தால் இன்னொரு நாள் தங்கிவிடுவது அவளுக்குப் புதிதல்ல. 'எப்போ வர்ற?' என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. வெளியூரில் இருக்கும்போது செய்திக்குப் பதில் போடுவதில்லை என்பதும் முறையில் ஒன்று. ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"கால் வருதுல்லம்மா?"

"வருது சார். அதுவும் டாண்ணு வருது."

"நம்ம கொசுவா?" என்று சிரித்தார். "அப்ப ஏதோ பெருசா மாட்டியிருக்கு. விடுங்க, நாளைக்கு வந்துடுவா. முதல் பகுதியை அனுப்பி வைக்கிறேன், பார்த்துடுங்க. ஞாயிற்றுக்கிழமை போடுறோம்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தது. ஒரு மணிக்கு வந்தது. சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளுடைய கட்டுரையைப் பார்க்க உட்கார்ந்தேன். வழக்கம்போல ஒற்று மிகும் இடமெல்லாம் விட்டிருந்தாள். சிவப்புப் பேனாவால் போட்டுக்கொண்டே வந்தேன். நான்காம் பக்கத்தில், பதிவேடு பொய் என்பதை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இருந்தது. இரண்டு மாதத்துப் பதிவேட்டையும் எடுத்து, ஒவ்வொரு ஆள் வந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பத்தியின் கடைசி வரிகள் இவை:

'உயிரோடு இருப்பவர்கள் எட்டு ஐந்துக்கு வந்தார்கள், எட்டேகாலுக்கு வந்தார்கள், சில நாள் ஏழு ஐம்பதுக்கே வந்து நின்றார்கள். சரியாக எட்டு மணிக்கு, ஒரு நிமிடம்கூடத் தவறாமல், அறுபது நாளும் வந்தவர்கள் இறந்துபோன நான்கு பேர் மட்டும்தான்.'

அதில் பிழை எதுவும் இல்லை. அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அதற்குள் இரண்டு பிழை திருத்தினேன். பிறகு பேனா நின்றது.

போனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். புதன் பத்து பதினொன்று. அதற்குப் பிறகு ஒன்று, நான்கு, ஏழு. பத்து, ஒன்று, நான்கு, ஏழு. பத்து, ஒன்று. ஒன்பது அழைப்பு. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவள் எண்ணுக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. ஆசிரியருக்குப் போட்டேன். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி போட்டேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு. அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் அந்தப் போன் உயிர் பெறும்.

நான்கு. 'கொசு' என்று திரையில் வந்தது. முதல் மணி அடித்தது. எடுத்தேன்.

"கொசு?"

பதில் இல்லை. ஆனால் யாரோ இருந்தார்கள். மூச்சு கேட்டது.

"கொசு, அக்காடி. பேசு."

எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. நான்கு மணிக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக ஒரு காதில் கேட்டது. போன் வழியாக மறு காதிலும் கேட்டது.

மணி ஓயும்வரை அவனும் பேசவில்லை. பிறகு அந்தப் பண்பான குரல், உண்மையிலேயே மனம் வருந்திச் சொன்னது:

"ஏம்மா எடுத்தீங்க? எடுக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?"

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் நிம்மதியா இருந்திருக்கலாம் நீங்க. உங்களுக்காகத்தானே நேரம் தவறாம பண்ணிக்கிட்டிருந்தேன்."

வைத்துவிட்டான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்கள் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். சிலர் காதிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அப்போதுதான் வைத்தார்கள். ஒருவர் குனிந்து ஒரு குழந்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். யாரும் மேலே பார்க்கவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அப்போது எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவளைக் கண்டெடுத்தார்கள், அந்த ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் இடத்துக்குப் பின்னால். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. புதன்கிழமை பதினொன்றரைக்குச் செத்தவரின் தம்பி வீட்டிலிருந்து கிளம்பி, பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தாள் என்று அவரே சாட்சி சொன்னார். மருத்துவர் அறிக்கையில் புதன் மதியத்துக்கும் அன்று மாலைக்கும் இடையில் என்று இருந்தது. இன்னும் குறுக்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார் மருத்துவர்.

"ஒரு மணிக்கு இருந்தாளான்னு தெரியணும்."

அவருக்குப் புரியவில்லை. முடியாது என்று தலையாட்டினார். அந்த முதல் ஒரு மணி அழைப்பை நான் எடுத்திருந்தால் என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆய்வாளர் சொல்லியிருக்கலாம். அவர் என் முன்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விதியெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தார்கள். அவளை அடித்துக் கேட்டிருப்பார்கள் என்றார்கள். அவள் போனில் இருந்த பழைய அழைப்புகளைப் பார்த்து நேரத்தைத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்றார்கள். இல்லை என்று நான் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக் கற்றிருந்தால் அவனும் பத்து எட்டுக்கும் ஏழு இருபதுக்கும் கூப்பிட்டிருப்பான். அவளே சொல்லியிருந்தாலும் 'பத்து மணி வாக்கில்' என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்ட ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னேன். எங்கோ எழுதி வைத்திருந்ததைப் படித்தவன்தான் டாண்ணு கூப்பிடுவான்.

காவல் நிலையத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் எழுந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், விளம்பரம் கொடுக்க வருபவர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு நேர் எதிரே ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதில் அந்தத் தாள் இருந்தது. 'வெளியூர் செல்லும் நிருபர்களின் பாதுகாப்புக்காக' என்று மேலே பெரிய எழுத்தில். நான்கு நேரம். இரண்டு மணி அடித்து நிறுத்த வேண்டும். எடுக்கக் கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"எல்லார் கண்ணுலயும் படணும்னு நான்தான்மா ஒட்டினேன்" என்றார். "புதுசா சேர்ற பசங்க மறந்துடக் கூடாதுன்னு."

அந்தத் தாளின் ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தது நான். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் பகுதி அவள் பெயரோடு வந்தது. பெயரைப் போடுங்கள் என்று கேட்டது நான்தான். இரண்டாம் பகுதியை வேறொரு நிருபர் எழுதினார். இப்போது மிஸ்டு கால் கிடையாது. பேசித்தான் ஆக வேண்டும். வீட்டு ஆள் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும், நிருபர் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் கேள்வி மாறும். அதை எங்கும் எழுதி வைக்கக் கூடாது. பத்திரிகையாளர் சங்கத்துக்காரர்கள் முறையை மாற்றி அமைத்தபோது என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தக் கடைசி வரி நான் சொன்னது. வீட்டில் யாரும் இல்லாத இரண்டு நிருபர்கள் எனக்குத்தான் கூப்பிடுகிறார்கள். தாமதமாகக் கூப்பிட்டால் திட்டுவேன். நேரத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு கேள்வி கேட்பேன்.

யாரையும் பிடிக்கவில்லை. கிடங்கின் மேலாளர் ஒருவரைக் கைது செய்து, பிறகு விட்டுவிட்டார்கள். அவர் குரல் அது இல்லை. எனக்கு ஒலிப்பதிவு போட்டுக் காட்டினார்கள்.

வீட்டை மாற்று என்று சொல்லாத ஆள் இல்லை. அச்சகத்தில் சொன்னார்கள், ஆசிரியர் தன் வீட்டு மாடியே காலியாக இருக்கிறது என்று இரண்டு முறை வந்து கூப்பிட்டார். அடுப்படிச் சுவரை எல்லோரும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், எதுவும் கிடைக்கவில்லை. வியாழனும் வெள்ளியும் நான் வீட்டில் இருக்கும் நாட்களில், நான்கு மணிக்குக் கீழே இறங்கிப் போய்ப் பள்ளி வாசலில் நிற்கிறேன். அங்கே நிற்கும் ஆண்களில் யாராவது ஒருவரிடம், "மணி என்னங்க ஆகுது?" என்று கேட்கிறேன். சொல்கிறார்கள். குரலைக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்தவரிடம் போகிறேன். சிலருக்கு என்னைத் தெரியும், கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

அவன் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்தால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. அதே எண்தான். அதே இரண்டாம் மாடிதான்.